ஏழில் ஒன்று

2025 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. வொஷிங்ரனில் நண்பகல், யாழ்ப்பாணத்தில் இரவு பத்தரை. கென்னடி மையத்து மேடையில் கண்ணாடிக் கிண்ணங்களுக்குள் கைவிட்டு உருண்டைகளை எடுத்து, 2026 உலகக் கிண்ணத்தின் 12 குழுக்களையும் நிரப்பினார்கள். டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப்போட்டு அப்போது ஒரு வாரம்தான். வடக்கின் மீனவக் கரைகளில் வானிலை அறிவித்தலுக்கு எல்லோரும் காது கொடுத்திருந்த நாட்கள் அவை. இந்த அத்தியாயம் அந்த இரவு தொடங்கிவைத்த பேச்சைப் பற்றியது. குலுக்கல் முடிந்த பிறகு, முதல் ஆட்டம் தொடங்கும் வரை ஆறு மாதம் ஓயாத பேச்சு.

அதைக் கேட்பதற்குக் குருநகரை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. யாழ் நகரின் தெற்கு விளிம்பில், மண்டைதீவைப் பார்த்தபடி கடல்நீரேரியை ஒட்டிக் கிடக்கும் ஊர். பழைய பெயர் கரையூர். புனித யாகப்பர் ஆலயமும் இறங்குதுறையும் ஊரின் இரண்டு முகங்கள் என்றால், மூன்றாவது உதைபந்தாட்டம். குருநகர் பாடும்மீன், பக்கத்துப் பாசையூர் சென் அன்ரனிஸ், நாவாந்துறை சென் மேரிஸ் என்று இந்தக் கரையோரக் கழகங்கள் துரையப்பா விளையாட்டரங்கில் மோதும்போது யாழ்ப்பாணமே பிரிந்து நிற்கும். உலகக் கிண்ணம் வந்தால் பிரிவினைக்கு வேறு பெயர்கள்: பிரேசில், ஆர்ஜென்ரீனா, ஜேர்மனி. அந்த நாடுகளின் ஆட்களே “நாங்கள்” என்று சொல்வார்களோ என்னவோ, இங்கே “எங்கட குழு” என்றுதான் சொல்வார்கள்.

“எங்கட குழு லேசு மச்சான். மொரோக்கோ, ஸ்கொட்லாந்து, ஹெய்ட்டி. ஒன்பது புள்ளி கையில.”

“மொரோக்கோவை லேசெண்டு சொல்லாதை. போன முறை ஸ்பெயினையும் போர்த்துக்கல்லையும் வீட்டுக்கு அனுப்பிப்போட்டு அரையிறுதிக்கு வந்தவங்கள்.”

“அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ.”

“தொண்ணூற்றெட்டிலயும் இதுதானடா தம்பி. பிரேசில், மொரோக்கோ, ஸ்கொட்லாந்து. ஹெய்ட்டி இருக்கிற இடத்தில நோர்வே. ஸ்கொட்லாந்துக்கு ரெண்டு, மொரோக்கோவுக்கு மூண்டு அடிச்சுப்போட்டு நோர்வேயிட்ட விழுந்தவங்கள்.”

அண்ணை சொன்னது அத்தனையும் சரி. 1998இல் பிரேசில் ஸ்கொட்லாந்தை 2-1 என்றும் மொரோக்கோவை 3-0 என்றும் வென்று, நோர்வேயிடம் 1-2 என்று தோற்றது. ஆனால் அந்த அணியில் ஆடிய ஒருவர்கூட இன்று ஆடப்போவதில்லை. குழு ஒத்துப்போனது தற்செயல். அதற்குக் கணக்கில் எடை கிடையாது. அதே நினைவுக்குள் எடையுள்ள ஒன்றும் இருக்கிறது. இறுதியாட்டம் வரை போன ஓர் அணி வழியில் நோர்வேயிடம் தோற்றிருக்கிறது. உதைபந்தாட்டத்தில் இது ஏன் இவ்வளவு சாதாரணமாக நடக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் குலுக்கலைப் பற்றிய பேச்சின் பாதி தெளிந்துவிடும்.

விடை கோல்களின் வறுமையில் இருக்கிறது. 2022 உலகக் கிண்ணத்தில் 64 ஆட்டங்களில் 172 கோல்கள், 2018இல் 169. ஓர் ஆட்டத்துக்கு மூன்றுகூட இல்லை. 90 நிமிடத்தில் பந்து எத்தனையோ தடவை எதிரணியின் பகுதிக்குள் போகிறது. ஒவ்வொரு தடவையும் கோலாகும் வாய்ப்பு மிகச் சிறியது. வாய்ப்பு சிறியதாகவும் முயற்சிகள் பலவாகவும் இருக்கும் இடங்களிலெல்லாம் ஒரே வடிவம் தலைகாட்டும். பிரெஞ்சுக் கணிதவியலாளர் சிமியோன் டெனி புவாசோன் 1837இல் வெளியிட்ட அதை இன்று புவாசோன் பரம்பல் என்கிறோம். 1898இல் லடிஸ்லாஸ் போர்ட்கீவிச் என்ற புள்ளியியலாளர், பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்தவர்களின் ஆண்டுக் கணக்கு இந்தப் பரம்பலுக்குள் அப்படியே அடங்குவதைக் காட்டினார். சராசரி ஒன்று தெரிந்தால் போதும். ஒன்றுமே நடக்காத ஆண்டுகள் எத்தனை, ஒரு தடவை நடப்பவை எத்தனை, இரண்டு தடவை எத்தனை என்று அது சொல்லிவிடும்.

கோலுக்கும் அதைப் போட்டுப் பார்க்கலாம். 2022இன் சராசரியைக் கொடுத்தால், 64 ஆட்டங்களில் நாலு அல்லது ஐந்து ஆட்டங்கள் 0-0 என்று முடிய வேண்டும் என்கிறது புவாசோன் பரம்பல். உண்மையில் முடிந்தவை ஏழு. கணக்குப் பிழைத்ததா? 2018இன் சராசரியைக் கொடுத்தாலும் நாலு, ஐந்து என்றுதான் வருகிறது. அந்த முறை 0-0 என்று முடிந்தது பிரான்சுக்கும் டென்மார்க்குக்கும் இடையிலான ஓர் ஆட்டம் மட்டும். இரண்டு கிண்ணங்களையும் சேர்த்தால் எதிர்பார்ப்பு ஒன்பது, நடந்தது எட்டு. ஒரு தனிக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு “இந்த முறை எல்லாரும் பயந்து ஆடுறாங்கள்” என்று விளக்கம் தேடுபவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றும் ஏழும் இரண்டு வெவ்வேறு கதைகள் மாதிரித் தெரியும்; ஒரே சராசரியிலிருந்து இரண்டும் வரக்கூடியவை.

இனி ஒரு பலமான அணியையும் பலவீனமான அணியையும் எடுத்துக்கொள்வோம். இவர்கள் நூறு தடவை மோதினால் முதலாவது அணி சராசரியாக 2 கோலும் இரண்டாவது 0.8 கோலும் போடும் என்று வைப்போம். எந்த நாட்டின் எண்களுமல்ல, கணக்குக்காக எடுத்தவை. ஆனாலும் வித்தியாசம் பெரிது, இரண்டரை மடங்கு. பரம்பலைப் போட்டு ஒவ்வொரு கோல் எண்ணிக்கையையும் பெருக்கிக் கூட்டினால், பலமான அணி வெல்லும் வாய்ப்பு 65.4 சதவீதம். சமநிலை 20.5 சதவீதம். மீதி 14.1 சதவீதம் பலவீனமான அணிக்கு. அதாவது ஏழில் ஒன்று. உலகக் கிண்ணத்தின் முதற்சுற்றில் ஒரு நாளைக்கு நாலு ஆட்டம் வைத்தால், இப்படியொரு அதிர்ச்சி இரண்டு நாளுக்கு ஒரு தடவை வருவது இயல்பு.

இதே இரண்டு அணிகள் கோல்களைப் பத்து மடங்காகப் போடும் ஒரு விளையாட்டை ஆடினால் என்ன ஆகும்? 20க்கு 8. விகிதம் மாறவில்லை, திறமையும் மாறவில்லை. பலவீனமான அணி வெல்லும் வாய்ப்பு மட்டும் நூறில் ஒன்றை ஒட்டி விழுந்துவிடுகிறது. கூடைப்பந்தில் சின்ன நாடுகள் பெரிய நாடுகளை ஏன் அரிதாகவே வெல்கின்றன என்பதற்கும், உதைபந்தில் ஏன் அடிக்கடி வெல்கின்றன என்பதற்கும் முதற்காரணம் இதுதான். 2006இல் எலி பென்-நயிம், பெடரிக்கோ வாஸ்கெஸ், சிட்னி ரெட்னர் என்ற மூவர் ஐந்து பெரிய விளையாட்டு லீக்குகளின் முடிவுகளை நீண்ட காலத்துக்கு ஒப்பிட்டார்கள். தரத்தில் கீழே உள்ள அணி மேலே உள்ளதை வெல்வது அதிகமாக நடந்தது ஆங்கில உதைபந்தாட்டத்தில். கரையூர்ப் பொடியள் பெரிய கல்லூரி அணிகளை வென்ற கதைகளைப் பெருமையோடு சொல்லும் ஒரு பெரியவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னால், பெருமை குறையாது. கிடைக்கும் ஏழில் ஒன்றை எடுத்துக்கொள்ளும் அளவுக்குக் கடைசி நிமிடம் வரை ஆட்டத்துக்குள் நிற்க வேண்டுமே; அதற்குத் திறமை வேண்டும்.

புவாசோன் கணக்கு முழுமையானதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1982இல் மைக்கல் மாஹர் ஒவ்வொரு அணிக்கும் தாக்கும் பலம் ஒன்று, தடுக்கும் பலம் ஒன்று என்று இரண்டு எண்கள் கொடுத்து இந்த மாதிரியுருவை ஒழுங்காகக் கட்டினார். 1997இல் மார்க் டிக்சன், ஸ்ருவர்ட் கோல்ஸ் இருவரும் 0-0, 1-1 போன்ற சின்ன முடிவுகளில் அது சறுக்குவதைக் கண்டு திருத்தினார்கள். இரண்டு அணிகளின் கோல்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் விழுவதில்லை. 1-1 என்று இருக்கும்போது, கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் ஒரு புள்ளி போதும் என்று பின்வாங்குவதை மைதானத்து வேலியில் சாய்ந்து நிற்பவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

அணிகளின் பலத்துக்கு எண் எங்கிருந்து வருகிறது? குலுக்கலில் யார் எந்தக் கிண்ணத்துக்குள் என்பதைத் தீர்மானித்தது பீஃபாவின் 2025 நவம்பர் தரவரிசை. இந்தத் தரவரிசை 2018 ஓகஸ்ட் வரை வேறு விதமாகக் கணக்கிடப்பட்டது. ஆட்டங்களின் சராசரியை எடுப்பார்கள். நட்புரீதியான ஆட்டங்களுக்கு மதிப்புக் குறைவு. ஆகவே நட்பு ஆட்டம் ஆடினால், வென்றால்கூடச் சராசரி சரியலாம். போலந்து இதைக் கண்டுகொண்டு நட்பு ஆட்டங்களைத் தவிர்த்து வந்தது. 2018 உலகக் கிண்ணக் குலுக்கலில் முதற்கிண்ணத்துக்குள் ஏறி, கொலம்பியா, செனகல், ஜப்பான் ஆகியவற்றுடன் ஒரு குழுவில் விழுந்து, அதே குழுவில் கடைசியாக வந்தது. ஓர் அளவுகோலை வளைத்து இடம்பிடிக்கலாம், பலத்தைப் பிடிக்க முடியாது.

இப்போதைய சூத்திரம், சதுரங்கத்துக்காக ஆர்பட் ஈலோ உருவாக்கிய முறையைத் தழுவியது. இரண்டு அணிகளுக்கும் இடையிலான புள்ளி வித்தியாசத்திலிருந்து எதிர்பார்ப்பு ஒன்று கணக்கிடப்படுகிறது. வெற்றிக்கு 1, சமநிலைக்கு அரை, தோல்விக்கு 0. சமமான அணிகளுக்கு எதிர்பார்ப்பு 0.5. 300 புள்ளி மேலே உள்ள அணிக்கு 0.76. 2022 நவம்பர் 22இல் லுசைல் மைதானத்தில் மூன்றாம் இடத்து ஆர்ஜென்ரீனாவும் 51ஆம் இடத்துச் சவூதி அரேபியாவும் மோதியபோது வித்தியாசம் 300க்கும் மேலே. ஆர்ஜென்ரீனா 36 ஆட்டங்களாகத் தோற்றதேயில்லை. சவூதி 2-1 என்று வென்றது. 300 வித்தியாசத்தில் இப்படி வெல்லும் அணிக்குச் சூத்திரம் 38 புள்ளி கொடுக்கிறது, தோற்றதிடமிருந்து அதே 38ஐ எடுக்கிறது. அன்றிரவு ஆர்ஜென்ரீனா இரசிகர்கள் எல்லாம் முடிந்தது என்று தலையில் கைவைத்தார்கள். 26 நாள் கழித்து அதே மைதானத்தில் கிண்ணம் மெஸ்ஸியின் கையில்.

சூத்திரத்தின் வளைவுக்குள் குலுக்கலைப் பற்றிய ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. இரசிகர்கள் அதைக் கவனிப்பது குறைவு. சமமான எதிரிக்குப் பதிலாக 100 புள்ளி குறைந்த எதிரி கிடைத்தால் எதிர்பார்ப்பு 0.50இலிருந்து ஏறத்தாழ 0.60க்கு ஏறும். ஏற்கெனவே 400 புள்ளி மேலே நிற்கும் அணிக்கு இன்னும் 100 குறைந்த எதிரி கிடைத்தால் 0.82 என்பது 0.87 ஆகும், அவ்வளவுதான். நல்ல குலுக்கலோ கெட்ட குலுக்கலோ, அதன் பாரம் விழுவது நடுவில் நிற்கும் அணிகளின் மேல். பிரேசிலின் குழு லேசா கடினமா என்று ஆறு மாதம் பேசலாம். அந்தக் குழுவில் உண்மையாகவே விதி மாறியவர்கள் ஸ்கொட்லாந்துக்காரர்கள்.

ஹெய்ட்டியின் எண்ணை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. அது பெரும்பாலும் வட, மத்திய அமெரிக்கா, கரீபியன் அணிகளுடன் ஆடிச் சேர்த்த எண். தென்னமெரிக்க எண்களோடு அதை இணைக்கும் ஆட்டங்கள் மிகக் குறைவு. 2016இல் பிரேசில் அவர்களை 7-1 என்று வென்றது. அதை வைத்து இன்றைய அணியை அளப்பது நியாயமில்லை. நாட்டின் வன்முறையால் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் ஆட முடியாமல், “சொந்த மண்” ஆட்டங்களைக் கடல் கடந்து குராசோவில் ஆடி, 1974க்குப் பிறகு முதல் தடவையாகத் தகுதி பெற்றிருக்கிறார்கள். சொந்த மைதானத்தை இழந்து ஆடுவது என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் குராசோவும் வந்திருக்கிறது. சனத்தொகை ஒன்றரை இலட்சமளவு, யாழ் மாவட்டத்தின் நாலில் ஒரு பங்கு. ஐந்து இலட்சத்தைச் சற்றுத் தாண்டிய கேப் வேர்டேயும் வந்திருக்கிறது, ஸ்பெயினின் குழுவுக்கு.

குலுக்கலே நேர்மையானதா என்ற சந்தேகம் ஒவ்வொரு முறையும் கிளம்பும். சூடாக்கிய உருண்டை, குளிராக்கிய உருண்டை என்ற கதைகளை விடுவோம். யாரும் ஏமாற்றாமலே குலுக்கல் ஒருபக்கம் சாயக்கூடும். மூன்று கடதாசித் துண்டு போதும், வாடியில் இருந்தபடியே செய்து பார்க்கலாம். மூன்று குழுக்கள். முதற்குழுவில் ஏற்கெனவே ஒரு தென்னமெரிக்க அணி இருக்கிறது. துண்டுகளில் ஒன்று தென்னமெரிக்கா, மற்ற இரண்டும் வேறு கண்டங்கள். ஒரே கண்டத்து இரண்டு அணிகள் ஒரு குழுவில் கூடாது என்பது விதி. எடுத்த துண்டு, இடம் கிடைக்கும் முதற்குழுவுக்குப் போகும்.

தென்னமெரிக்க அணி இரண்டாம் குழுவுக்குப் போகுமா, மூன்றாம் குழுவுக்கா? சரிபாதி என்றுதான் யாரும் நினைப்பார்கள். விதிக்குட்பட்ட ஏற்பாடுகளை எழுதிப் பார்த்தாலும் மொத்தம் நாலு வருகின்றன, இரண்டில் இரண்டாம் குழு, இரண்டில் மூன்றாம் குழு. ஆனால் துண்டுகளை எடுத்துப் பாருங்கள். தென்னமெரிக்கத் துண்டு முதலில் வந்தால் முதற்குழுவைத் தாண்டி இரண்டாம் குழுவில் விழுகிறது. இரண்டாவதாக வந்தாலும் இரண்டாம் குழுவில்தான். மூன்றாவதாக வந்தால் மட்டும் மூன்றாம் குழு. ஆகவே மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று. தாண்டிவைக்கும் விதியே சாய்வை உண்டாக்கிவிட்டது. கரத் ரொபர்ட்ஸ், ஜெஃப்ரி ரோசென்தால் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் பீஃபாவின் குலுக்கல் முறையை ஆராய்ந்து, இத்தகைய சாய்வு அதில் இருப்பதைக் காட்டியதோடு, மேடையில் உருண்டை எடுக்கும் காட்சி கெடாமலே அதைச் சரிசெய்யும் வழிகளையும் கொடுத்திருக்கிறார்கள். நிஜக் குலுக்கலில் சாய்வு நம் மூன்று துண்டுகளில் உள்ள அளவுக்குப் பெரிதல்ல. இருந்தாலும் நாலு வருடம் ஓடிவந்த ஒரு நாட்டுக்கு, சரிசெய்யக்கூடிய ஒரு சாய்வை விட்டுவைப்பது சரியில்லை என்பது என் எண்ணம்.

பிரேசில் இரசிகரிடம் திரும்புவோம். அவர் சி குழுவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் அவர் இடத்தில் இருந்தால் எஃப் குழுவைத்தான் பார்ப்பேன். சி குழுவின் முதலாம் அணி அடுத்த சுற்றில் சந்திப்பது எஃப் குழுவின் இரண்டாம் அணியை. சி குழுவின் இரண்டாம் அணி சந்திப்பது எஃப் குழுவின் முதலாம் அணியை. அங்கே இருப்பவர்கள் நெதர்லாந்தும் ஜப்பானும். 2025 ஒக்டோபர் 14இல் டோக்கியோவில் 2-0 என்று முன்னால் நின்ற பிரேசிலை ஜப்பான் 3-2 என்று திருப்பி அடித்தது. பிரேசிலை அவர்கள் வென்றது அதுவே முதற்தடவை. போதாததற்கு, குலுக்கலுக்கு எடுத்த தரவரிசையின் முதல் நாலு அணிகளான ஸ்பெயின், ஆர்ஜென்ரீனா, பிரான்ஸ், இங்கிலாந்து நாலும், குழுவில் முதலாவதாக வந்தால், அரையிறுதி வரை ஒன்றையொன்று சந்திக்காதபடி பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அதில் பிரேசில் ஐந்தாவது. அந்தப் பாதுகாப்பு அதற்கில்லை. “குழு லேசு” என்பது உண்மை. “பாதை லேசு” என்பது அதிலிருந்து வராது.

பாதையின் நீளமும் கூடியிருக்கிறது. 48 அணிகளில் 32 அணிகள் அடுத்த சுற்றுக்குப் போகும். ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு, மூன்றாமிடத்து அணிகளில் சிறந்த எட்டு. எனவே பெரிய அணி முதற்சுற்றில் விழுவது முன்னரை விட அரிது. ஓர் ஆட்டத்தில் வழுக்கினாலும் எழலாம். 1990இல் ஆர்ஜென்ரீனா தொடக்க ஆட்டத்திலேயே கமரூனிடம் தோற்று, மூன்றாமிடத்தோடு உள்ளே வந்து இறுதியாட்டம் வரை போனது. அந்தத் தொடக்க ஆட்டம் ஜூன் 8. சில நாட்களில் இங்கே போர் மீண்டும் மூண்டது. பிறகு வந்த ஆண்டுகளில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணம் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டது. 1994 கிண்ணத்திலும் இத்தாலி மூன்றாமிடத்தோடு வந்து இறுதியாட்டம் ஆடியது. 2016 ஐரோப்பியக் கிண்ணத்தில் போர்த்துக்கல் குழுவில் ஒரு வெற்றியும் இல்லாமல், மூன்று சமநிலைகளோடு மூன்றாவதாக வந்து கிண்ணத்தையே வென்றது.

அந்தத் தளர்வுக்கு விலை பின்னால் வருகிறது. வெளியேற்றும் சுற்றுகள் முன்பு நாலு, இப்போது ஐந்து. ஒவ்வொன்றிலும், பெனால்டி உட்பட, வெல்லும் வாய்ப்பு நாலில் மூன்று என்று வைத்தால்கூட, அது மிகத் தாராளமான கணிப்பு, நாலு சுற்றையும் கடக்கும் வாய்ப்பு 32 சதவீதம். ஐந்து சுற்று என்றால் 24 சதவீதம். எந்த அணியை எல்லோரும் “இதுதான்” என்கிறார்களோ அது தோற்றுப்போகும் வாய்ப்புத்தான் வெல்லும் வாய்ப்பை விட மூன்று மடங்கு அதிகம். கணினியில் 104 ஆட்டங்களையும் ஆயிரக்கணக்கான தடவை ஆடவிட்டு எண்ணும் ஆய்வாளர்கள் செய்வதும் இந்தப் பெருக்கலைத்தான், எல்லாக் கிளைகளிலும். அந்த உத்தியை 1940களில் லொஸ் அலமோசில் ஸ்ரனிஸ்லாவ் உலாமும் ஜோன் வொன் நொய்மனும் அணுகுண்டுக் கணக்குகளுக்காக வளர்த்தார்கள். உலாமுக்கு யோசனை வந்தது நோயிலிருந்து தேறும்போது தனியாகச் சீட்டாடிக்கொண்டிருந்த நேரம். இத்தகைய கணிப்புகளில் முதலிடத்து அணிக்கு 15, 20 சதவீதம் என்று வரும்போது “கணினிக்கு ஒண்டும் தெரியாது” என்று சிரிக்கிறோம். அந்தச் சின்ன எண்ணே கணிப்பின் பயன்.

குருநகருக்கு இந்த வகைப் பேச்சு புதிதல்ல. மழைக்கு 70 சதவீதம் வாய்ப்பு என்ற அறிவித்தலைக் கேட்டு வள்ளத்தை இறக்குவதா என்று முடிவெடுப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். மழை பெய்யாவிட்டால் அறிவித்தவன் பொய்யன் என்று அனுபவமுள்ள ஒரு கடற்தொழிலாளி சொல்லமாட்டார். எழுபது என்று சொன்ன நாட்களில் பத்துக்கு ஏழு நாள் பெய்கிறதா என்பதைத்தான் அவர் ஆண்டுக்கணக்கில் மனதுக்குள் எண்ணுகிறார். 1950இல் அமெரிக்க வானிலைத் திணைக்களத்தைச் சேர்ந்த கிளென் பிரையர் இதற்கு ஓர் அளவையே கொடுத்தார். சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கித்துச் சராசரி எடுக்க வேண்டும். எண் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்ல கணிப்பு.

பலமான அணி நூறில் 65 தடவை வெல்லும் ஆட்டங்களை எடுங்கள். “கட்டாயம் வெல்லும்” என்று ஒவ்வொரு தடவையும் அடித்துச் சொல்பவரின் பிரையர் எண் 0.35. “65 சதவீதம்” என்று சொல்பவருக்கு 0.23. “எனக்குத் தெரியாது, பாதிக்குப் பாதி” என்று கைவிரிப்பவருக்கு 0.25. பலமான அணியைச் சரியாகக் கண்டுபிடித்தவர், அதை அளவுக்கு மீறி உறுதியாகச் சொன்னதால், ஒன்றும் தெரியாது என்றவரை விடப் பின்னால் போகிறார். சதவீதத்தை ஒரு கொப்பியில் எழுதிவைத்து, முதற்சுற்றின் 72 ஆட்டங்களுக்கும் பிரையர் எண் போட்டால், யார் உண்மையில் பந்தை விளங்கியவர் என்பது சத்தத்தால் தீர்மானிக்கப்படாது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு நிகழ்தகவைக் கற்பிக்க இதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் நாட்டு அணிக்கும் ஒரு குலுக்கல் நடந்தது. 2024 டிசம்பர் 9, கோலாலம்பூர். 2027 ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் தாய்லாந்து, துர்க்மெனிஸ்தான், சீனத் தாய்ப்பே ஆகியவற்றுடன் இலங்கை. கென்னடி மையத்துக்கு ஆறு மாதம் கொடுத்த ஊர் கோலாலம்பூருக்கு ஓர் இரவுகூடக் கொடுத்ததோ தெரியவில்லை. 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தைத் தூக்கிய அணி இது. தரவரிசையில் 200க்கும் கீழே இறங்கியிருந்த அது, 2023 ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை பீஃபாவின் இடைநிறுத்தத்திலும் இருந்தது. அந்தக் குழுவில் கணக்கும் கடுமையானது. முதலிடத்து அணி ஒன்று மட்டும் தகுதி பெறும். மூன்றாமிடத்துக்கு மன்னிப்பு இல்லை. குலுக்கல் அன்று இலங்கைக்கு நூறில் இரண்டோ மூன்றோ கொடுத்திருந்தால் அது அவமதிப்பாகாது.

அந்த இரண்டோ மூன்றோ வெறும் பூச்சியம் அல்ல என்பது ஆட்டங்களில் தெரிந்தது. 2025 மார்ச்சில் பாங்கொக்கில் தாய்லாந்திடம் 0-1. ஜூன் 10இல் கொழும்பில் சீனத் தாய்ப்பேயை 3-1 என்று வென்றார்கள். பீஃபாவின் சூத்திரம் கோல் வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. 0-1 என்று தோற்றாலும் 0-6 என்று தோற்றாலும் அதற்கு ஒன்றுதான். 300 புள்ளி மேலே உள்ள அணியிடம் தகுதிச் சுற்றில் தோற்றால் 6 புள்ளி போகும், வென்றால் 19 கிடைக்கும். ஆனால் புவாசோன் பரம்பலைக் கையில் வைத்திருப்பவருக்கு 0-1 வேறொன்றைச் சொல்கிறது: தொண்ணூறு நிமிடமும் ஒரேயொரு கோல் தூரத்தில் நின்றிருக்கிறார்கள். சமநிலைக்குத் தேவைப்பட்டது ஒரு பந்து. பிரேசிலுக்குக் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்குபவர்கள் அடுத்த பக்கத்தில் இலங்கையின் ஆட்டங்களையும் எழுதத் தொடங்கலாம். நாலைந்து எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன.